குரல் நின்றுவிட்டது, ஆனால் தம்பி இன்னும் டீக்கடை வழியாகப் போக மாட்டேன் என்கிறான்

காரிமங்கலம்_அக்கா · மே 12, இரவு 9.47

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

தம்பிக்கு 26 வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். போன ஆடியில் ராத்திரி ஷிப்டுக்குப் போனவன் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டான். கூட வேலை பார்க்கிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்றான். ஊருக்கு வந்த பிறகும் அதே பேச்சு. முக்கியமாக எங்கள் தெருமுனை டீக்கடை. அங்கே யாராவது சிரித்தால் அவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் அது அவனுக்குச் சாடை. காதுக்குள் ஒரு ஆள் திட்டிக்கொண்டே இருக்கிறான் என்று அழுவான். இரண்டு மாதம் மந்திரித்துப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனச்சிதைவு என்றார்கள். ராத்திரிக்கு ரிஸ்பெரிடோன், கூடவே ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.

நான்கு மாதம் ஆகிறது. குரல் நின்றுவிட்டது, அவனே சொல்கிறான். தூங்குகிறான், சாப்பிடுகிறான். ஆனால் பால் கேனை சொசைட்டிக்குக் கொண்டுபோவது அவன் வேலை. டீக்கடை வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அவன் ஏரிக்கரையைச் சுற்றி அரை மணி நேரம் நடந்து போகிறான். "அவங்க உன்னைப் பத்திப் பேசலைன்னு இப்பத் தெரியுதில்ல?" என்று கேட்டால் "தெரியுதுக்கா" என்கிறான். மறுநாளும் ஏரிக்கரைதான். மற்ற நேரமெல்லாம் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், தானாக எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொள்ள மாட்டான். அம்மா சோம்பேறி என்று திட்டுகிறார். பெரியப்பாவோ, "குரல்தான் போயிடுச்சே, மாத்திரையை நிறுத்து, அதுதான் புள்ளையை மந்தமாக்குது" என்கிறார்.

டாக்டரிடம் கேட்கலாம் என்றால் வரிசையில் நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். "சாப்பிடட்டும்மா, நல்லாத்தான் இருக்கான்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த மாத்திரை மூளைக்குள் என்னதான் செய்கிறது? வேலை செய்கிறதா, இல்லையா?

தொப்பூர்_கணவாய் · மே 12, இரவு 10.15

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். பெரியப்பா சொன்னார் என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். எங்கள் சித்தப்பா நன்றாகிவிட்டது என்று தானாகவே நிறுத்தினார். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மூன்றாவது மாதம் கிணற்றுக்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று இறங்கப் போய்விட்டார்.

பாரூர்_ஏரி · மே 12, இரவு 11.30

சகோதரி, நான் டாக்டர் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மருந்தியல் பாடம் நடத்துகிறேன். தம்பிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் "மூளைக்குள் என்ன செய்கிறது" என்று கேட்டீர்களே, அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஃபார்ம் படித்தபோது ஆய்வகத்தில் ஒரு பெட்டி இருந்தது. அடியில் கம்பித் தளம், நடுவில் மேலே இருந்து தொங்கும் ஒரு மரக்கம்பம். எலியை உள்ளே விடுவோம். முதலில் பஸ்ஸர் ஒலிக்கும். சில நொடி கழித்துத் தளத்தில் லேசாக மின்சாரம் பாயும். எலி துள்ளிக் கம்பத்தில் ஏறித் தப்பிக்கும். சில நாள் பழக்கினால் போதும், மின்சாரம் வரும்வரை காத்திருக்காது. பஸ்ஸர் சத்தம் கேட்ட உடனே ஏறிவிடும்.

இப்படிப் பழகிய எலிக்கு, மனச்சிதைவுக்குக் கொடுக்கிற பழைய மருந்தான குளோர்புரோமசினை ஊசியில் போட்டு, அரை மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் விட்டேன். பஸ்ஸர் ஒலித்தது. காது அசைந்தது, மூக்கைத் தூக்கிப் பார்த்தது. சத்தம் கேட்டிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நின்ற இடத்திலேயே நின்றது. மின்சாரம் பாய்ந்ததும் ஒரே தாவலில் கம்பத்தின் மேலே போய்விட்டது! காலில் வலு இருக்கிறது, வலி தெரிகிறது, ஏறவும் தெரிகிறது. "வரப்போகிறது" என்ற எச்சரிக்கைக்குத்தான் மதிப்புப் போய்விட்டது. நானும் கூட இருந்த நண்பனும் அன்றைக்கு வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெறும் தூக்க மாத்திரை கொடுத்தால் இப்படி ஆகாது. போதிய அளவு கொடுத்தால் எலி எச்சரிக்கையையும் விடும், மின்சாரத்துக்குத் தப்பிக்கவும் தடுமாறும். எச்சரிக்கையை மட்டும் தனியாக மழுங்கடிப்பது இந்த வகை மருந்துகளின் அடையாளம். 1953-லேயே பிரான்சில் கயிறு ஏறும் எலிகளை வைத்து இதைப் பார்த்துவிட்டார்கள். அப்போது ஏற்பி, டோபமின் என்ற பேச்சே கிடையாது. குளோர்புரோமசினைப் பாரிஸில் நோயாளிகளுக்குக் கொடுத்து தெலே, தெனிக்கேர் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அறிக்கை எழுதியது 1952-இல். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான முதல் துப்பு 1963-இல்தான் கிடைத்தது, ஸ்வீடனின் கார்ல்சனும் லிண்ட்குவிஸ்ட்டும் எலிகளில் செய்த வேலையில்.

இப்போது டோபமினுக்கு வருவோம். மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றுக்குச் சேதி சொல்ல வெளியே விடும் பொருள் அது. அதை வாங்கிக்கொள்ளும் இடம் ஏற்பி. டோபமினுக்கு டி1 முதல் டி5 வரை ஐந்து வகை ஏற்பிகள். மனச்சிதைவு மாத்திரைகளில் ஏறக்குறைய எல்லாமே டி2-இல் போய் உட்கார்ந்து, டோபமின் அங்கே வந்து சேராமல் மறிப்பவைதான். 1975, 1976-இல் டொரோண்டோவில் சீமனும் அமெரிக்காவில் ஸ்னைடர் குழுவும் தனித்தனியாக அளந்து பார்த்தார்கள். எந்த மருந்து டோபமின் ஏற்பியை இறுக்கமாகப் பிடிக்கிறதோ அதற்குக் குறைந்த மில்லிகிராமே போதுமாக இருந்தது. ஹாலோபெரிடால் சில மில்லிகிராம், குளோர்புரோமசின் சில நூறு மில்லிகிராம் என்று எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

டோபமின் என்றால் சந்தோஷம் தரும் பொருள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பாதி உண்மைகூட இல்லை. ஷூல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் டோபமின் செல்களில் நுண்ணிய கம்பி வைத்துக் கேட்டார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்த பிறகுதான் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, சாற்றுக்குத் துடிப்பு இல்லை, விளக்குக்குத்தான் துடிப்பு. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லை என்றால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் சேதி அது. "இது முக்கியம், கவனி, ஞாபகம் வை" என்று மூளை குத்தும் முத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முத்திரை கண்ட இடத்தில் எல்லாம் விழுந்தால்? டீக்கடையில் யாரோ சிரிக்கிறார்கள், முத்திரை. டம்ளர் கவிழ்கிறது, முத்திரை. ஒன்றுமில்லாத ஒவ்வொன்றும் "இது உனக்குத்தான்" என்கிற கனத்தோடு வந்து விழும். அந்தக் கனத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே, மனசு ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். இந்தியாவில் மருத்துவம் படித்து டொரோண்டோவில் ஆய்வு செய்த ஷிதிஜ் கபூர் 2003-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். மாத்திரை அந்த முத்திரையின் மையைக் குறைக்கிறது. ஏற்கெனவே குத்தியதை அழிப்பதில்லை. மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் சொல்வது "அது பொய்யென்று தெரிந்துவிட்டது" என்பது இல்லை. "அது முன்ன மாதிரி என்னைப் பிடுங்குறதில்ல" என்பார்கள்.

தம்பி சொன்ன "தெரியுதுக்கா"வும் மறுநாள் ஏரிக்கரையும் எனக்கு முரணாகத் தெரியவில்லை. மாத்திரை வேலை செய்கிறது. கால் பழகியது பழகியபடி இருக்கிறது.

காரிமங்கலம்_அக்கா · மே 13, காலை 6.10

சார், மூன்று தடவை படித்தேன். "பிடுங்குறதில்ல" என்ற வார்த்தையைத் தம்பி அப்படியே சொல்லியிருக்கிறான். ஆனால் ஒன்று புரியவில்லை. உங்கள் எலி மருந்து கொடுத்த பிறகு பஸ்ஸருக்கு ஏறவில்லை. தம்பி மருந்து சாப்பிட்டும் டீக்கடைக்குச் சுற்றிப் போகிறானே?

அஞ்செட்டி_ராகி · மே 13, காலை 11.05

நான் படித்தவன் இல்லை, விவசாயி. இதைப் படித்ததும் எங்கள் செவலை மாடுதான் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் ராகி கதிர் வாங்கினால் யானை இறங்கும். அதற்காகக் கொல்லையைச் சுற்றி சோலார் வேலி போட்டோம். செவலை அதில் ஒரே ஒரு தடவை மூக்கை வைத்தது. அதோடு சரி. போன வருடம் பேட்டரி போய்விட்டது, மாற்றக் காசில்லை, ஆறு மாதம் கம்பி சும்மாதான் கிடந்தது. செவலை கிட்டே போகவே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் பச்சைப் புல். இந்தப் பக்கம் காய்ந்த தட்டையை மென்றுகொண்டு நிற்கும். கரண்ட் இல்லையென்று அதற்கு எப்படித் தெரியும்? தொட்டால்தானே தெரியும். தொடவே தொடாதே!

பாரூர்_ஏரி · மே 13, மதியம் 2.20

அஞ்செட்டி அண்ணா, பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. வகுப்பில் உங்கள் செவலையைச் சொல்லப் போகிறேன், அனுமதி கொடுங்கள்.

சகோதரி கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. என் எலி பெட்டியை விட்டு வெளியே போக வழியில்லை. பஸ்ஸர் அடித்தால் அங்கேதான் நிற்க வேண்டும். தம்பிக்கு ஏரிக்கரை என்று ஒரு வழி இருக்கிறது. சுற்றிப் போகிற ஒவ்வொரு நாளும் "டீக்கடை வழியாகப் போகவில்லை, அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் அவர் உடம்பு கணக்குப் போடும். வேலியில் கரண்ட் நின்றுவிட்டது. தொட்டுப் பார்க்கிற சந்தர்ப்பம் அவருக்கு வரவில்லை.

எலியிலும் இதைப் பார்க்கலாம். மருந்தின் வேகம் இறங்கிய மறுநாள் அதே எலி பஸ்ஸருக்கு மறுபடி ஏறும். மருந்து பழக்கத்தைத் துடைக்கவில்லை, அமுக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். பஸ்ஸரை ஒலிக்கவிட்டு மின்சாரமே கொடுக்காமல் பல தடவை செய்தால்தான் எலி மெல்ல மெல்ல ஏறுவதை விடும். அது மறதி இல்லை, புதிதாகக் கற்பது. "இந்தச் சத்தத்துக்குப் பின்னால் இனி ஒன்றும் இல்லை" என்கிற புதுப் பாடம்.

மாத்திரையால் பயம் குறைந்திருக்கிற இந்தக் காலம்தான் அதற்கு நல்ல காலம். தம்பியோடு யாராவது கூடவே நடக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அவர் சம்மதத்தோடு. பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள், அது வேலியில் மறுபடி கரண்ட் விடுகிற மாதிரி. இதையும் டாக்டரிடமோ அங்கே இருக்கிற உளவியலாளரிடமோ சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

அரூர்_வாத்தியார் · மே 13, இரவு 8.40

நல்ல விளக்கம்தான். ஆனால் எலி, குரங்கு, மாடு என்றே போகிறதே, மனிதனுக்கும் அப்படியேவா? இன்னொன்று, நம் நாட்டு வைத்தியத்தில் சர்ப்பகந்தி வேர் இருக்கிறது. பைத்தியத்துக்குக் காலம் காலமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறார்கள்.

பாரூர்_ஏரி · மே 13, இரவு 10.05

ஐயா, சர்ப்பகந்தியைப் பேசாமல் இந்த வரலாற்றையே எழுத முடியாது. 1931-இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அந்த வேர் ரத்த அழுத்தத்துக்கும் மனக்கலக்கத்துக்கும் உதவுவதாக எழுதினார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கப் போட்டு அசையாமல் படுத்துவிட்டன. டோபமின் ஆகக்கூடிய எல்-டோபாவை ஊசியில் போட்டதும் சிறிது நேரத்தில் எழுந்து ஓடின. டோபமின் மூளையில் தனக்கென்று வேலை உள்ள பொருள் என்பது தெரிந்தது இப்படித்தான். அதற்கும் அதன் தொடர்ச்சியான வேலைகளுக்கும் 2000-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நம் வேர் இல்லாமல் அது நடந்திருக்காது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

ஆனால் ரெசர்பைன் ஏற்பியை மறிப்பதில்லை, டோபமின் சேமித்து வைக்கிற பைகளையே காலி செய்கிறது. ரத்த அழுத்தம் இறங்கும், மனச்சோர்வும் வரலாம். ஏற்கெனவே ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறவருக்கு வீட்டில் வேரை இடித்துக் கொடுப்பது ஆபத்து. தயவுசெய்து வேண்டாம்.

மனிதர்களில் என்ன என்று கேட்டீர்கள். 2006-இல் வந்த ஓர் ஆய்வில் நோயில்லாதவர்களுக்கு ஒரு பண விளையாட்டு வைத்தார்கள். எந்தச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தால் காசு வரும் என்று விளையாடி விளையாடியே கற்க வேண்டும். ஹாலோபெரிடால் சாப்பிட்டவர்கள் எல்-டோபா சாப்பிட்டவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். ஆனால் காசு இழக்காமல் தப்பிப்பதைக் கற்பதில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. "இதைச் செய்தால் நல்லது கிடைக்கும்" என்று கற்கிற பக்கம்தான் அடிவாங்கியது.

இதை நான் தனியாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம், தம்பியைச் சோம்பேறி என்று அம்மா திட்டுவதாகச் சகோதரி எழுதியிருந்தார். அந்த வார்த்தை எனக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. 1991-இல் சலமோன் குழு செய்த ஒரு சோதனையைக் கேளுங்கள். எலிக்குக் கட்டையை அழுத்தினால் பிடித்த தீனி கிடைக்கும், பக்கத்திலேயே சாதாரணத் தீனி சும்மா கொட்டிக் கிடக்கும். மருந்தில்லாத எலி கட்டையை விடாமல் அழுத்தும். கொஞ்சம் ஹாலோபெரிடால் கொடுத்தால் அதே எலி கட்டையை விட்டுவிட்டு சும்மா கிடப்பதைத் தின்னும். பசி போகவில்லை, ருசி போகவில்லை. முயற்சி எடுத்துப் போய் அடைகிற உந்துதல் போய்விட்டது. "சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், தானாக எழுந்து தண்ணீர் மொள்ள மாட்டான்" என்று சகோதரி எழுதியதும் ஏறக்குறைய இதே காட்சிதான்.

மூளையின் அடியில் ஸ்ட்ரையேட்டம் என்றொரு பகுதி. அதில் "போ" என்கிற பாதையில் டி1 அதிகம், "நில்" என்கிற பாதையில் டி2 அதிகம். டோபமின் டி2 வழியாக "நில்"லைத் தளர்த்துகிறது. டி2-ஐ மறித்தால் பிரேக்கில் எப்போதும் ஒரு கால் இருக்கிற மாதிரி. தொப்பூர் இறக்கத்தில் வருகிற லாரிக்கு அந்தக் கால் கட்டாயம் வேண்டும். சமதரையிலும் அதே அழுத்தத்தில் வைத்திருந்தால் வண்டி நகராது.

அதனால்தான் அளவு முக்கியம். 2000-இல் டொரோண்டோவில், முதன்முறை நோய் வந்த 22 பேரை ஸ்கேன் செய்து எத்தனை டி2 ஏற்பிகள் அடைபட்டிருக்கின்றன என்று பார்த்தார்கள். 65 சதவீதத்தைத் தாண்டினால் குணம் தெரியும் வாய்ப்புக் கூடியது. 78 சதவீதத்தைத் தாண்டினால் விறைப்பு, நடுக்கம், நிலைகொள்ளாமை கூடியது. நடுவில் இருக்கிற வரப்பு அவ்வளவு குறுகல். மாத்திரை கூடினால் குணமும் கூடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏழுவருட_மாத்திரை · மே 14, அதிகாலை 1.15

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். எனக்கே இந்த நோய். பென்னாகரம் தாலுகா, ஏழு வருடம்.

முதல் வருடம் எனக்கு உட்காரவே முடியாது. படுத்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் நிற்க வேண்டும். கால் எலும்புக்குள் எறும்பு ஊறுகிற மாதிரி. வீட்டில் "நோய் முற்றிவிட்டது, ராத்திரியெல்லாம் சுத்துறான்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டினார்கள். இன்னும் மோசமானது. அது நோய் இல்லை, மாத்திரையால் வருகிறது, அதற்குப் பேர் அகதீசியா என்று இன்னொரு டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு வருடம் என் வாயால் அதைச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா, உங்கள் தம்பி திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று தெரியும். சொம்பு எங்கே என்று தெரியும். எழுந்திரு என்று மனசு சொல்லும். அந்தச் சொல் உடம்பு வரைக்கும் வந்து சேராது. அம்மா திட்டுவது மட்டும் நன்றாகக் கேட்கும்.

எனக்கு உதவியது என் அத்தை. திட்டமாட்டார். வந்து பக்கத்தில் நின்று "வா, ஒரு குடம் நான், ஒரு குடம் நீ" என்பார். தொடங்கிவிட்டால் நான் செய்துவிடுவேன். தொடங்குவதுதான் மலை.

மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறேன், இப்போது மாதம் ஒரு ஊசி. நிறுத்திப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை. திரும்ப அந்த இடத்துக்குப் போக மாட்டேன்.

அஞ்செட்டி_ராகி · மே 14, காலை 5.50

தம்பி, படித்தேன். தூங்கு. பகலில் எழுது.

மனநலச்_செவிலி · மே 14, மாலை 6.30

பல வருடம் மனநல வார்டில் வேலை பார்த்தவள் என்கிற முறையில் சில விஷயங்கள். பாரூர் சார் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். ஊக்கம் இல்லாமல் போவதை முழுக்க மாத்திரையின் தலையில் கட்டாதீர்கள். இந்த மாத்திரைகள் கண்டுபிடிக்கும் முன்பே, 1911-இலேயே, ப்ளாய்லர் என்ற மனநல மருத்துவர் இந்த நோயை எழுதும்போது நோயாளிகள் ஆசையற்று ஒடுங்கிப்போவதை எழுதியிருக்கிறார். நோயே அதைச் செய்யும். மாத்திரை அதோடு சேர்ந்துகொள்ளலாம். மனச்சோர்வாகவும் இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. வீட்டில் "மாத்திரைதான் காரணம்" என்று முடிவு கட்டினால் அடுத்து நடப்பது நிறுத்துவதுதான், அதை நிறையப் பார்த்துவிட்டேன். 2012-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில், ஒரு வருடத்துக்குள் மருந்து தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கு. நீண்ட நாள் மறிபட்ட டி2 ஏற்பிகள் எண்ணிக்கையிலும் கூருணர்விலும் கூடிவிடுகின்றன. சட்டென்று மறிப்பை எடுத்தால் அத்தனையும் ஒரேயடியாக டோபமினை வாங்கும். குறைப்பதென்றால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பெரும்பாலும் டிரைஹெக்சிபெனிடிலாக இருக்கும், சீட்டைப் பாருங்கள். விறைப்பு, நடுக்கம் வராமல் இருக்கக் கொடுப்பது. வாய் உலரும், மலம் இறுகும், ஞாபகத்தையும் கொஞ்சம் மங்கவைக்கும். எல்லோருக்கும் எப்போதும் தேவைப்படாது. இன்னும் வேண்டுமா என்று அடுத்த முறை கேளுங்கள்.

ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். அதே டி2 மறிப்புதான், இடம் மட்டும் மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு மார்பில் பால் கசியும். ஆண்களுக்கு உடலுறவில் நாட்டம் குறையும், மார்பு வீங்கலாம். வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை, ரகசியமாக மாத்திரையை வாய்க்காலில் எறிவார்கள். தம்பியிடம் அக்கா கேட்பது சங்கடம் என்றால் டாக்டரைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: இதே நோய்க்கு ஒலான்சபின், குளோசபின் என்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் பீடி சிகரெட் பழக்கத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். புகை ஈரலை முடுக்கி அந்த மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். திடீரென்று பீடியை விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். விடுவது நல்லது, ஆனால் சொல்லிவிட்டு விடுங்கள். குளோசபின் என்றால் வெள்ளையணுக்கள் பார்க்கிற ரத்தப் பரிசோதனையைத் தவறவே விடாதீர்கள்.

கடைசியாக, இதை எழுதாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. ஒரு பையன், பத்தொன்பது வயசு இருக்கும். வெளியே எங்கேயோ ஹாலோபெரிடால் ஊசி போட்டு இரண்டாம் நாள். கழுத்து ஒரு பக்கமாக முறுக்கி, கண் இரண்டும் மேலே சொருகி, நாக்கு தள்ளிக்கொண்டு கொண்டுவந்தார்கள். நெற்றி முழுக்க விபூதி, முதுகில் வேப்பிலை அடித்த தடம். சாமி வந்துவிட்டது என்று ராத்திரி முழுக்க அவனைக் கோடாங்கி முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். அது தசை இழுத்துக்கொள்வது, மருந்தின் விளைவு. மாற்று ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. அவன் முதலில் கேட்டது தண்ணீர். ராத்திரி முழுக்க அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது, பேசத்தான் முடியவில்லை. இப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரி, வேறெங்கும் வேண்டாம்.

ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அரூர்_வாத்தியார் · மே 14, இரவு 9.20

சர்ப்பகந்தி பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கோயிலுக்குப் போவதை மட்டும் தவறென்று சொல்ல மாட்டேன், அம்மாக்களுக்கு அது தெம்பு. ஆனால் 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் போனதைப் பத்திரிகையில் படித்தவன் நான். மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகட்டும்.

சகோதரிக்கு ஒரு யோசனை. இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்றீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறான், கை நடுங்குகிறதா, தானாக எந்த வேலையைத் தொடங்கினான், எதற்குப் பயப்படுகிறான். எழுதிய தாளை நீட்டினால் டாக்டர் படித்துத்தான் ஆக வேண்டும்.

காரிமங்கலம்_அக்கா · ஆகஸ்ட் 23, இரவு 8.55

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாங்காய் சீசன், அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

வாத்தியார் ஐயா சொன்னபடி தாளில் எழுதிக் கொண்டுபோனேன். டாக்டர் முழுக்கப் படித்தார். தம்பியின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், நடக்கும்போது கை வீசவில்லை என்றார். நான்கு மாதமாகக் கூடவே இருக்கிறேன், நான் அதைக் கவனிக்கவே இல்லை. ரிஸ்பெரிடோனைக் கொஞ்சம் குறைத்தார், இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். குரல் திரும்பவில்லை. நேற்றோடு எண்பத்தேழு நாள், காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். சர்க்கரையும் பார்த்தோம், சரியாக இருக்கிறது.

ஏழுவருட மாத்திரைத் தம்பி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தச் சொல் உடம்பு வரைக்கும் வந்து சேராது" என்ற இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு சோம்பேறி என்ற வார்த்தை வீட்டில் இல்லை. இப்போது "வாடா, நீ கன்னைப் பிடி, நான் கறக்குறேன்" என்கிறார். கன்றைப் பிடிக்கிறான்.

டீக்கடை விஷயம். ஜூன் மாதம் ஆரம்பித்தோம். முதலில் கடை திறக்காத நேரத்தில், ஐந்து மணிக்கு, நானும் அவனும் கேனைத் தூக்கிக்கொண்டு புளியமரம் வரைக்கும். அங்கே நிற்பான். நெற்றி வேர்க்கும். திரும்பிவிடுவோம். ஒன்பது நாள் அப்படியே. பத்தாவது நாள் அவனாகவே மரத்தைத் தாண்டினான். மூடின கடைக்கு எதிரே நின்று பலகையைப் பார்த்தான், "பெயின்ட் மாத்திட்டாங்கக்கா" என்றான். எனக்கு வேறு ஒன்றும் பேச வரவில்லை. ஜூலை கடைசியில் கடை திறந்திருக்கும்போது போனோம். பெஞ்சில் நாலு பேர். ஒருவர் சத்தமாகச் சிரித்தார். தம்பி என் முந்தானையைச் சின்னப் பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டான். ஆனால் நிற்கவில்லை, நடந்தான். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, "அவர் போன்ல எதையோ பார்த்துச் சிரிச்சாரு, நான் பார்த்தேன்" என்றான்.

இந்த வாரம் நான்கு நாள் அந்த வழியாகத் தனியாகவே போய்வந்தான். இன்று காலை மறுபடி ஏரிக்கரை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லையாம், "இன்னைக்கு வேணாங்கா" என்றான். சரி என்றேன். திரும்பி வரும்போது கேன் நிறையத் தாமரை இலை பறித்துக்கொண்டு வந்தான், மதியம் அதில்தான் களி சாப்பிட்டோம்.

அஞ்செட்டி அண்ணா, செவலை என்ன ஆச்சு?

அஞ்செட்டி_ராகி · ஆகஸ்ட் 24, காலை 5.30

பேட்டரி மாற்றிவிட்டேன்மா, யானை வர ஆரம்பித்துவிட்டது. செவலைக்கு இப்போது வேலிக்கு இந்தப் பக்கமே புல் அறுத்துப் போடுகிறேன். தம்பிக்கு நான் கேட்டதாகச் சொல்.